எந்த அடுப்பின் சாம்பல்?

வணக்கம் ஐயா,
திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வெக்கையில் இரவெல்லாம் தூக்கமில்லை. மகனுக்கு மூச்சிரைப்பு வேறு. கணவர் ஏசி வாங்கலாம் என்கிறார். பூமி சூடாவதில் என் பங்கும் சேருமே என்று உறுத்துகிறது. வெட்டிவேர்த் தட்டி போதுமா?
சுமதி

அன்புள்ள சுமதி,

ஏசியே வாங்குங்கள். தூங்காத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதினீர்களாக்கும்! சென்னைப் புழுக்கத்தில் ஈரத்தட்டி கட்டினால் புழுக்கம்தான் கூடும்.

மூச்சிரைப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் நின்றுவிட்டேன். என் அத்தை எண்ணூரில் இருந்தாள். கொடியில் காய்ந்த வேட்டியை இரண்டு தடவை உதறாமல் மடிக்கமாட்டாள். அங்கே 1970இல் ஓடத் தொடங்கிய பழைய அனல்மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். அத்தை அதற்கு முன்பே இருமி இருமிப் போய்விட்டாள். மஞ்சள் பையில் அவள் சேர்த்துவைத்த கிளினிக் சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: டஸ்ட் அலர்ஜி.

தூசியாம்! தூசி என்றால் வீட்டைத் துடைக்காதவள் குற்றம். அத்தையும் அப்படியே நம்பி தினம் மூன்று வேளை பெருக்கினாள். சாம்பல் என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த அடுப்பின் சாம்பல் என்ற கேள்வி வந்திருக்கும். கப்பலில் வரும் ஒடிசா நிலக்கரியை எரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடுகிறார்கள். குழாய் உடைந்தால் கொசஸ்தலையாற்றில் நிற்கும் மீனவருக்குக் கணுக்கால்வரை சாம்பல் சேறு. பக்கத்து வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் இன்னும் ஓடுகின்றன. இதைத் தூசி என்று எழுதும் கையை என்ன சொல்ல?

சரி, உங்கள் உறுத்தல். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சித்திரை ராத்திரியில் வெயிலும் இல்லை, முப்பந்தல் காற்றாலைகளுக்குக் காற்றும் சரியாகக் கிளம்பியிருக்காது. வெக்கை கூடினால் நிலக்கரியைத்தான் கூட்டிப் போடுவார்கள். அதற்கு நீங்கள் ஏன் கூனிக்குறுக வேண்டும்? அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகையைக் குறைக்க மத்திய அரசில் 2015 டிசம்பரில் விதி போட்டு, இரண்டு வருடம் கெடு கொடுத்தார்கள். நீட்டி நீட்டி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த ஃபைலில் கையெழுத்துப் போட்டவர் யாரும் உறுத்துகிறது என்று எனக்குக் கடிதம் போடவில்லை.

மகனுக்கு என்ன என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். போகும்போது மொட்டைமாடியில் இரண்டு நாள் கிடந்த வெள்ளைத் துணி ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிரிப்பார், சிரிக்கட்டும். சீட்டில் என்ன எழுதினார் என்று எனக்குச் சொல்லுங்கள். பிள்ளை தூங்கினானா என்பதையும்.