சென்னை நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?

பெரிய பூங்கா ஒன்று இருந்தது. சென்ட்ரல் ரயில் நிலையம் வருவதற்கு முன்பே, 1859-ல், கவர்னர் டிரெவெல்யன் முயற்சியில் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' உருவானது. நேரு ஸ்டேடியம், ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால் என்று இன்று நாம் தனித்தனியாகப் பார்ப்பதெல்லாம் அந்தப் பூங்காவின் துண்டுகள்தான்.

மெட்ராஸில் வேடிக்கை பார்க்கக் கிளம்பினால் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வருவார்கள். உயிர் காலேஜ் என்று எல்லோரும் சொன்ன மிருகக்காட்சி சாலை இங்கேதான் இருந்தது. 1985-ல்தான் வண்டலூருக்குப் போனது. ஆண்டுக் கடைசியில் பார்க் ஃபேர் நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தப் பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இந்த ஊர் அதை இவ்வளவு சுலபமாக மறந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அப்புறம் விக்டோரியா ஹால். ராணியின் பொன்விழாவை ஒட்டி, சிஸம் வடிவமைப்பில், நம்பெருமாள் செட்டி கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா இங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறி நடித்தார்கள். நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில் அது பெரிய விஷயம். 1890களின் கடைசியில், இந்த நகரம் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்ததும் இந்த ஹாலில்தான்.

சரி, ஸ்டேடியத்துக்கு வருவோம். பழைய பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். சென்னையில் டெஸ்ட் கிரிக்கெட் என்றாலே சேப்பாக்கம் என்று நினைக்கிறோம். ஆனால் 1956 முதல் 1965 வரை இங்கு நடந்த 9 டெஸ்ட்களும் இந்த மைதானத்தில்தான் நடந்தன. சேப்பாக்கம் மைதானம் அப்போது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது.

அந்தப் பத்து வருடத்தில் நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 2008 வரை, 52 வருடம் நின்றது. 1962 ஜனவரியில் இங்கே வென்றுதான் இங்கிலாந்துக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா 2-0 என்று முடித்தது. 1964-ல், மீண்டும் இங்கிலாந்துக்கு எதிராக, பாபு நட்கர்ணி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர், அதாவது ஒரு ரன்கூடக் கொடுக்காத ஓவர், வீசினார். 32 ஓவர், 27 மெய்டன், கொடுத்தது 5 ரன். அதே டெஸ்டில் குந்தரன் 192 அடித்தார். என் அப்பா கிரிக்கெட் பேச ஆரம்பித்தால் நட்கர்ணியைத் தொடாமல் முடித்ததில்லை. அது சேப்பாக்கத்தில் நடந்தது என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார். இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன்.

1967 ஜனவரியில் டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. இங்கே கால்பந்தும் தடகளமும் தொடர்ந்தன. 1993-ல் பழைய ஸ்டேடியத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன.

1900-ல் பூங்காவின் இன்னொரு ஓரத்தில் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போனது. அங்கே பழைய புத்தகம் விற்றவர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். பூங்காவாகவே மிச்சம் இருப்பது மை லேடி பூங்கா போன்ற சிறு பகுதிதான்.

உங்கள் வீட்டில் எண்பதை நெருங்கும் மெட்ராஸ்காரர் யாராவது இருந்தால், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் எந்த மேட்ச் பார்த்தார், டிக்கெட் எப்படிக் கிடைத்தது, எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஸ்கோர் புத்தகத்தில் இருக்கிறது. இதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.