கொரிய மொழிக்கும் கலீசிய மொழிக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா? தமிழருக்கு இரண்டில் எது எளிது?

உறவுமுறை என்று பார்த்தால் ஒன்றுமே கிடையாது. கலீசியம் லத்தீன் வழி வந்தது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே, இருபது லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்கள் பேசுகிறார்கள். கொரியம் தனிக் குடும்பம். பேசுபவர்கள் கிட்டத்தட்ட எட்டுக் கோடி.

இரண்டுக்கும் பொதுவாக என் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல், அதுவும் சாப்பாட்டுச் சொல். ரொட்டிக்குக் கலீசியத்தில் 'பான்', கொரியத்தில் 'ப்பாங்'. போர்ச்சுக்கீசியர் ஜப்பானில் விட்டுவிட்டுப் போன சொல் அங்கிருந்து கொரியாவுக்குப் போனது. போர்ச்சுக்கீசியமும் கலீசியமும் இடைக்காலத்தில் ஒரே மொழியாக இருந்தவை என்பதால், 'பானு'ம் 'ப்பாங்'கும் சுற்றிவளைத்துச் சொந்தமாகின்றன. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் காலையில் வாங்கும் பாணும் அதே போர்ச்சுக்கீசிய அடுப்பில் வெந்ததுதான்.

சரி, எது எளிது? நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் கொரிய மேலாளர்களோடு பல வருஷம், அப்புறம் கலீசியாவின் வீகோ நகரத்தில் இரண்டு வருஷம். பட்டதைச் சொல்கிறேன்.

கொரிய எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டது. 'புத்திசாலி ஒரு காலைப்பொழுதுக்குள் கற்பான், மந்தமானவனுக்குப் பத்து நாள் போதும்' என்று அதன் விளக்க நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மூன்று நாள் ஆனது. நடுவில் எங்கேயோ இருக்கிறேன் போல.

வாக்கியம் அப்படியே நம்முடையது. 'நா-நன் ஜிப்-எ கா-யோ': நான், வீட்டுக்கு, போகிறேன். வரிசையில் ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. வேற்றுமை உருபு பின்னால்தான் ஒட்டுகிறது. 'சாப்பிடலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா, சாப்பிடலை' என்போமே, அவர்களும் 'ஆமாம்' போட்டுத்தான் பதில் சொல்வார்கள். இந்த ஒற்றுமைகளையும் 'அப்பா', 'ஒம்மா' என்ற சொற்களையும் வைத்துக்கொண்டு கொரியம் தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடுகிறது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் இன்று அந்த உறவை ஏற்பதில்லை. ஒரே மாதிரி வீடு கட்டியவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். நிலா, முகமூடி, மகள் மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் 'தல்', 'தல்', 'த்தல்' என்றுதான் எழுத முடியும். கொரியர் காதுக்கு அவை மூன்றும் தனித்தனி. என் வாயில் மூன்றும் ஒன்றாகவே வந்தன, இன்றும் பாதி நேரம் அப்படித்தான். மணி மூன்றரை என்று சொல்ல, மூன்றுக்குக் கொரியரின் சொந்த எண், முப்பது நிமிஷத்துக்குச் சீனத்திலிருந்து வந்த எண். மரியாதை விஷயத்தில் நாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். சேர்ந்த முதல் வாரமே ஐம்பது வயது மேலாளரிடம் 'பாப் மொகொஸ்ஸோ?' என்று கேட்டுவிட்டேன். கடைசியில் மரியாதைக்கான 'யோ' சேர்க்க மறந்துபோனது. 'சாப்டியாடா' என்கிற தோரணை. பக்கத்து மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் சிரித்துவிட்டார், பிழைத்தேன்.

கலீசியம் இதற்கு நேர்மாறு: பார்த்தால் சாது. வீகோ போவதற்கு முன் ஸ்பானியம், அதாவது அங்கே சொல்கிறபடி காஸ்திலியம், ஓரளவு கற்றிருந்தேன். கலீசியச் செய்தித்தாளை முதல் வாரமே முக்கால்வாசி படிக்க முடிந்தது. அந்தத் திமிர்தான் வில்லன். காஸ்திலியத்தில் பால், உப்பு, தேன் மூன்றும் பெண்பால்: 'லா லெச்சே', 'லா சல்', 'லா மியெல்'. கலீசியத்தில் மூன்றும் ஆண்பால்: 'ஓ லெய்தே', 'ஓ சல்', 'ஓ மெல்'. மரம் அங்கே ஆண், இங்கே பெண். தெரியாத மொழியில் பிழை செய்தால் பிழை என்றாவது தெரியும். இங்கே காஸ்திலியம் பேசிக்கொண்டே கலீசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். இந்தக் கலப்படத்துக்கு அவர்கள் கேலியாக வைத்த பெயர் 'காஸ்த்ராப்போ'. நான் ஆறு மாதம் சரளமாகக் காஸ்த்ராப்போ பேசினேன்.

ஆனால் இரண்டு இடங்களில் தமிழ் கைகொடுத்தது. 'கேரெஸ் கஃபே?' என்று கேட்டால் பழைய ஆட்கள் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக வினைச்சொல்லையே திருப்பி 'கேரோ' என்பார்கள். 'காபி வேணுமா?' 'வேணும்.' அவ்வளவுதான். இன்னொன்று நம் ங. 'ஒரு' என்பதன் பெண்பால் வடிவம் 'உங்ஙா'. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் இந்த ஒலியில் மாட்ரிட்காரர்கள் தடுமாறுவார்கள். 'இங்ஙனம்' எழுதி விண்ணப்பம் முடித்த நமக்கு என்ன கஷ்டம்?

கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். கலீசியத்துக்குச் சரியான ஜோடி கொரியம் இல்லை, தென்கொரியாவின் ஜேஜு தீவில் பேசும் மொழி. கொரியத்துக்கு நாடு உண்டு, ராணுவம் உண்டு, டிவி தொடர் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் பள்ளியிலிருந்து அது துரத்தப்பட்டது. 1940-இல் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். 1945-இல் அந்த ஆட்சி போனதும் மொழி எழுந்துவிட்டது. கலீசியாவிலும் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பிள்ளைக்குக் கலீசிய வடிவில் ஷொசே என்று பெயர் பதிய முடியாது, காஸ்திலிய வடிவமான ஹொசேதான். 1983-இல் சட்டம் வந்து மொழி பள்ளிக்குள் நுழைந்தது. ஆனால் பக்கத்திலிருந்த பெரிய மொழி எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஜேஜுவிலும் இதே கதை, இன்னும் மோசமாக. 2010-இல் யுனெஸ்கோ அதை அழிவின் விளிம்பில் உள்ள மொழி என்றது. அங்கே வரவேற்பு வாசகம் 'ஹொன்ஜோ ஒப்ஸொயே', சீக்கிரம் வாருங்கள் என்று பொருள். பெருநிலத்துக் கொரியர் காதில் அது 'தனியாக வாருங்கள்' என்று விழும். அவ்வளவு தூரம் இருந்தும் அதை வட்டார வழக்கு என்றே பலர் சொல்கிறார்கள். கலீசியத்தையும் அப்படித்தான் ரொம்ப காலம் சொன்னார்கள்.

அதனால் என் பதில்: தமிழர் கற்க ஆரம்பிப்பதற்குக் கொரியம் எளிது. புரிந்துகொள்வதற்குக் கலீசியம் எளிது, ஸ்பானியம் தெரிந்திருந்தால். கலீசியத்திலேயே பேசிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் காஸ்திலியத்துக்குத் தாவிவிடுவார். மரியாதைக்காகத்தான் செய்கிறார்கள், திட்டவும் முடியாது. வீகோ மாதிரி நகரத்தில் கற்க நினைக்காதீர்கள், அங்கே தெருவில் காஸ்திலியம்தான் அதிகம். படகு ஏறி எதிர்க்கரையில் இருக்கும் காங்கஸ் பக்கம் போங்கள்.

அங்கே ஒரு ரொட்டிக் கடை. எனக்கு முன்னால் நின்ற பாட்டியிடம் கடைக்கார அம்மா கலீசியத்தில் மழையைப் பற்றி அலுத்துக்கொள்வார், என் முறை வந்ததும் காஸ்திலியம். நான் 'உங்ஙா பார்ரா தெ பான்' என்று கேட்பேன், அவர் காஸ்திலியத்தில் விலை சொல்வார். மூன்று சனிக்கிழமை இப்படியே போனது. நான்காவது சனிக்கிழமை ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், 'தெ ஓன்தே வெஸ்?' என்றார். எங்கேயிருந்து வர்றே? கலீசியத்தில், அதுவும் ஒருமையில். 'வெஞ்ஞோ தா இந்தியா' என்றேன். அதற்குள் பின்னால் நின்றவர் 'இந்தியாவிலும் இப்படித்தான் மழை பெய்யுமா?' என்று ஆரம்பித்துவிட்டார், அவரும் கலீசியத்தில். அன்றைக்குத் திரும்பும் படகைத் தவறவிட்டேன்.