இதையும் எழுதிடுவியா அம்மா?

கேள்வி: சிறுகதைகள் எழுதுகிறேன், நாலைந்து பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. போன வருடம் அப்பா தவறிவிட்டார். நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அக்கா கதறிக்கொண்டிருந்தாள். நானோ, அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவருடைய பழைய கைலியில் கிழித்தது என்று பார்த்து, அதை எப்படி எழுதுவது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். மறந்துவிடக் கூடாதென்று கொல்லைப்புறம் போய் போனில் குறித்தும் வைத்தேன். போன மாதம் என் பன்னிரண்டு வயது மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவள், சட்டென்று நிறுத்தி, "இதையும் எழுதிடுவியா அம்மா?" என்றாள். நான் வாழ்கிறேனா, வெறுமனே வேடிக்கை பார்க்கிறேனா? எழுதுவதை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒரே குற்றமாக மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அப்பா. அது அவருடைய கைலி என்று எப்படித் தெரிந்தது? வருடக்கணக்கில் அதைத் துவைத்துக் கொடியில் போட்டவருக்குத்தான் ஒரு கிழிசலிலிருந்து அதை அடையாளம் தெரியும். துக்கம் கேட்க வந்த கூட்டத்துக்கு அது வெறும் துணி. பார்த்தது மகளின் கண்தான். எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

வாக்கியம் கட்டியதற்காகவா வெட்கம்? நம் கிராமங்களில் இழவு வீட்டுக்கு வரும் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். செத்தவர் ஓட்டிய வண்டி, நட்ட மரம், கொடுக்காமல் போன சீர் எல்லாம் அங்கேயே எதுகை மோனையோடு பாட்டில் ஏறிவிடும். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வரி கட்டுகிறாளே என்று அவர்கள் கண்ணீரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நீங்கள் வாய்விட்டுப் பாடவில்லை, அதுதான் வித்தியாசம். கொல்லைப்புறம் போய் போனில் குறித்தீர்கள் பாருங்கள், அதை மட்டும் தவிர்த்திருக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் அக்கா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மறந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். உ.வே.சா.வின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது 1876-ல். அவருடைய சரித்திரத்தை உ.வே.சா. இரண்டு பாகங்களாக வெளியிட்டது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1933, 34-ல்.

எழுதுகிறவர்களுக்கு வாழ்க்கை கைநழுவிப் போகும் என்பதையும் நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்; பெரிய வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு போனது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. 1748-ல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோதும் எழுதினார். நாள் முழுக்க வேலையில் கிடந்ததால்தான் அவருக்கு எழுத இவ்வளவு கிடைத்தது.

சரி, மகள் விஷயம். இங்கே உங்கள் பக்கம் பேச எனக்கு வழியில்லை. அவள் கேட்டது நியாயம். தான் பேசும்போது அம்மாவின் ஒரு காது எங்கேயோ இருப்பது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. பெயரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன் என்று எழுதுகிறவர்கள் சொல்லும் சமாதானமெல்லாம் பன்னிரண்டு வயதில் செல்லாது. வகுப்பில் ஒரு பிள்ளை கண்டுபிடித்தால் போதும், மானம் போய்விடும். பெரியவர்கள் என்றால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அவள் ஏற்கெனவே ஒருமுறை நிறுத்திவிட்டாள்.

அதனால் அவளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: நீ சொல்லும் எதையும் உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன் என்று. "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிட வேண்டும், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும். வயிறு எரியும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றி எழுதும்போது, அச்சுக்கு அனுப்பும் முன் அக்காவிடம் படிக்கக் கொடுங்கள்.

இன்னொன்று. பள்ளியில் அவளுக்கு என்ன நடந்தது, பாதியில் விட்டதைப் பிறகு சொன்னாளா என்று உங்கள் நீளமான கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரியே கேளுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம்.