ஆங்கிலத்தில் 'சப்பி' (chubby) என்றால் குண்டு என்றே பொருளா? யாரைச் சொல்லலாம்?

கொழுகொழுவென்று, பூசினாற்போல் இருப்பதுதான் சப்பி. பேச்சுவழக்குச் சொல். 'ஃபேட்' என்பதைவிட மென்மையானது, அதனால் நேரடியாகக் 'குண்டு' என்று பெயர்ப்பது கொஞ்சம் முரட்டுத்தனம். 'சப்' என்ற நன்னீர் மீனின் குட்டையான, தடித்த உடலிலிருந்து இந்தச் சொல் வந்தது.

உச்சரிப்பில் முதல் எழுத்து 'அச்சம்' என்பதில் வரும் ச்; 'ப்பி' அழுத்தமில்லாமல் 'அம்பி'யின் பி போல ஒலிக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து 'சுப்பி' என்று படிப்பது தவறு.

கைக்குழந்தையின் கன்னம், விரல், தொடை இவற்றுக்கு இது இயல்பாகப் பொருந்தும். 'சப்பி சீக்ஸ்' என்றால் எந்தத் தாயும் கோபிக்க மாட்டாள். வளர்ந்தவர்களிடம்தான் சிக்கல். நெருங்கிய தோழி தன்னைத்தானே சொல்லிக்கொள்ளலாம். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவரைப் பார்த்து 'யூ லுக் சப்பி' என்றால் பாராட்டாகாது, எடை கூடிவிட்டது என்றே காதில் விழும். நம் ஊரில் 'நல்லா பூசினாப்ல இருக்கே' என்பதை அன்பாகச் சொல்வோம், அந்த அன்பு ஆங்கிலத்துக்குத் தானாகக் கடந்து போகாது.

தக்காளி, தலையணை, கோழி போன்றவற்றுக்கு 'பிளம்ப்' (plump, திரண்டு உருண்ட) என்பதே பொருத்தம். மருத்துவக் குறிப்பில் இரண்டுமே வேண்டாம்: உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் வயது வந்தோருக்கு உடல் நிறை குறியீட்டெண் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI) 25 முதல் 'ஓவர்வெயிட்' (அதிக எடை), 30 முதல் 'ஒபீஸ்' (உடல் பருமன்). சப்பிக்கு அப்படி எல்லைக்கோடு கிடையாது, பார்ப்பவர் கண் சொல்வதுதான்.

ஒப்பீட்டுக்குச் 'சப்பியர்', 'சப்பியஸ்ட்'. 'மோர் சப்பி' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம்.