கம்பத்தில் வண்ணம், சேற்றில் கட்டை

கேள்வி: அமெரிக்காவின் லிங்கன் நெடுஞ்சாலையைப் போட்டது அரசு இல்லை, ஒரு சங்கம் என்று படித்தேன். ஒரு சங்கத்தால் கடலிலிருந்து கடல்வரை எப்படிச் சாலை போட முடிந்தது?

பதில்: பெரும்பகுதியை அது போடவே இல்லை. 1913 ஜூலையில் டெட்ராய்ட்டில் தொடங்கிய அந்தச் சங்கம், ஏற்கெனவே இருந்த சாலைகளைக் கோத்து, நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை ஏறக்குறைய 3,400 மைலுக்கு ஒரே வழியாக அறிவித்தது. வழிநெடுகக் கம்பங்களில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டை அடித்து, நடுவில் ‘எல்’ எழுத்தைப் போட்டார்கள். பாதிக்கு மேல் மண்பாதைதான். மழை பெய்தால் கார் அச்சுவரை இறங்கிவிடும்.

யோசனை கார்ல் ஃபிஷருடையது. கார் விளக்குத் தொழிலில் பணம் சம்பாதித்தவர். கார் தொழிலில் இருப்பவர்களிடம் 1 கோடி டாலர் திரட்டி ஜல்லியும் சிமென்ட்டும் வாங்கிக் கொடுப்போம், ஆள்பலம் அந்தந்த ஊர் தரட்டும் என்றார். ஹென்றி ஃபோர்டு மறுத்துவிட்டார். தனியார் போட்டுக் கொடுத்தால் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் சாலை போடப் பழக மாட்டார்கள் என்பது அவர் வாதம். சாலை வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் சொன்னது சரி. போடுவது ஒரு தடவை, பராமரிப்பது காலம் முழுக்க. நன்கொடை அதற்குப் போதாது.

பணம் நினைத்த அளவு சேரவில்லை. அப்புறம்தான் சங்கத்தின் மிக நல்ல வேலை வந்தது: ‘விதை மைல்’. ஊருக்கு வெளியே, சேற்றுப்பாதையின் நடுவில், ஒரே ஒரு மைலுக்குக் கான்கிரீட். முதலாவது 1914இல் இல்லினாய் மாநிலத்தின் மால்டா ஊருக்குப் பக்கத்தில். சிமென்ட்டைக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. சேற்றில் தத்தளித்து வந்த வண்டி திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடும், மைல் முடிந்ததும் மறுபடி சேறு. ‘மீதிக்கும் இப்படிப் போடுங்கள்’ என்று ஓட்டுபவரே கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நூறு கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் இந்த ஒரு மைல் அளவுக்குப் புரியவைத்திருக்க முடியாது.

கேள்வி: கார் வைத்திருந்தவர்களின் ஆசைக்கு விவசாயிகள் ஏன் உழைத்தார்கள்?

பதில்: முதலில் எதிர்த்தார்கள். 1890களில் நல்ல சாலை கேட்டுக் குரல் கொடுத்தது சைக்கிள்காரர்களின் சங்கம். நகரத்துக்காரர் சவாரிக்கு நாங்கள் வரி கட்டுவதா என்று விவசாயிகள் கேட்டதில் நியாயம் உண்டு. 1896இல் கிராம வீடுகளுக்கே தபால் கொண்டுபோகும் திட்டம் வந்தது. பாதை மோசமாக இருந்தால் தபால் வராது. அப்போதிலிருந்து சாலை அவர்களுடைய விஷயமும் ஆயிற்று.

அவர்கள் கையில் இருந்த கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. மிசௌரி விவசாயி டி. வார்டு கிங் பரவலாக்கியது அது. ஒரு மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் இடைவெளி விட்டுப் பிணைத்து, சற்றுச் சாய்வாகக் குதிரைகள் இழுக்கும். நம் வயலில் பரம்பு அடிப்பதுபோலத்தான். மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போதே இழுக்க வேண்டும். தடங்கள் மூடி, மண் நடுப்பக்கமாக ஒதுங்கி மேடாகும். காய்ந்தால் மேல்பரப்பு இறுகி, அடுத்த மழை இரண்டு பக்கமும் வழிந்துவிடும். சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் தேங்கும் தண்ணீர்தான். அதை விரட்ட அவர்களுக்குக் காசு செலவில்லாமல் ஒரு வழி கிடைத்தது. 1913 ஆகஸ்ட் 20, 21 தேதிகளை மிசௌரி ஆளுநர் எலியட் மேஜர் சாலைப்பணி நாட்களாக அறிவித்து, தானும் வேலை உடுப்பு போட்டுக்கொண்டு இறங்கினார். நெடுஞ்சாலை வரலாற்றில் ஃபிஷரின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் இந்தக் கட்டை இழுத்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பிறகு அந்தச் சங்கங்கள் என்ன ஆயின?

பதில்: பெயர் வைத்த பாதைகள் பெருகிவிட்டன. ஒரே கம்பத்தில் பல சங்கங்களின் வண்ணம். சில சங்கங்கள் சந்தா கொடுத்த ஊர்ப்பக்கம் வழியை வளைத்தன, பயணிக்குத்தான் சுற்று. 1926இல் அமெரிக்கா முழுவதும் சாலைகளுக்குப் பெயருக்குப் பதில் எண் வைக்கும் முறை வந்தது. லிங்கன் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி 30ஆம் எண் ஆனது. சங்கம் 1927 முடிவில் வேலையை நிறுத்தியது. ஆனாலும் 1928 செப்டம்பர் 1 அன்று சாரணச் சிறுவர்கள் வழிநெடுக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் குறிக்கற்களை நட்டார்கள். சில இன்னும் நிற்கின்றன.