ஸ்ப்ளெண்டரில் இருந்து நேராக ஆர்சி 390-க்கா?

எட்டு வருஷமாக ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறேன், கேடிஎம் ஆர்சி 390 ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் நண்பரே, ஆனால் அந்த எட்டு வருஷப் பழக்கம்தான் முதல் தொல்லை. ஸ்ப்ளெண்டர் சுமார் 8 குதிரைத்திறன். இது 43-ஐ ஒட்டி வரும்.

நம்மில் பாதிப் பேர் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை, பின் பிரேக்கை மிதித்தே காலத்தை ஓட்டிவிட்டோம். இதில் அது உதவாது. பிரேக் போட்டதும் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகிவிடும். காலி மைதானத்தில் 40 வேகத்தில் வந்து, இரண்டு விரலால் முன் லீவரை மெதுவாகத் தொடங்கி இறுக்கிப் பழகுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று வளைவில் மணல் மேல் பிடித்துவிடாதீர்கள்.

அப்புறம், பள்ளத்தில் இறங்கும்போது கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கும். ஸ்ப்ளெண்டரில் ஒன்றும் ஆகாது. இதில் முன்னால் போகிற ஆட்டோவில் போய் நிற்பீர்கள். மணிக்கட்டைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

நாலாவது கியரில் 25-ல் உருட்டும் சுகமெல்லாம் இனி கிடையாது, வண்டி திணறும். 350 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் எகிறும். தினமும் ஆபீஸ் போய்வர ஸ்ப்ளெண்டரை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.