இரண்டு மொழி பேசினால் மறதி நோய் தள்ளிப்போகுமா? டெல்டாவிலிருந்து வந்த கேள்விகள்

டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி நரம்பியல் மருத்துவர் டாக்டர் சுவர்ணா அல்லாடி வெளியிட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு நம் பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை. தஞ்சாவூரில் முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கும்பகோணம், நெசவுக் குடும்பம்: வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். இரண்டு மொழி பேசினால் மறதி நோய் வராதாமே டாக்டர்?

வராது என்று ஆய்வு சொல்லவில்லை, தள்ளி வந்தது என்கிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் டிமென்ஷியா உறுதியான 648 பேரின் விவரங்களை அல்லாடி குழுவினர் அலசி, 2013இல் 'நியூராலஜி' இதழில் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டும் அதற்கு மேலும் பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது.

இதற்கு முன்பே 2007இல் கனடாவிலும் இப்படி ஒரு முடிவு வந்தது. ஆனால் அங்கே இருமொழி பேசியவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். காரணம் மொழியா, குடிபெயர்ந்த வாழ்க்கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹைதராபாத்தில் தெலுங்கும் உருதும் கலந்து பேசுவது உள்ளூர்க்காரர்களின் அன்றாட வழக்கம். உங்கள் தெருவும் தஞ்சாவூர் மராத்திக் குடும்பங்களும் அப்படித்தானே? இந்த ஆய்வை நான் முக்கியமாக நினைப்பது அதனால்தான்.

ஆனாலும் நல்ல நினைவோடு இருப்பவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, இருமொழியால் நோய் குறைந்ததாகத் தெரியவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை.

மன்னார்குடி: எங்கள் அப்பாயி பள்ளிக்கூடமே போனதில்லை. அவருக்கும் இது பொருந்துமா? எழுதப் படிக்கத் தெரியாதவரை எப்படிச் சோதிப்பீர்கள்?

ஹைதராபாத் ஆய்வில் படிக்காதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் அந்தத் தாமதம் இருந்தது. படிப்பின் பலனை மொழியின் பலன் என்று தவறாக எண்ணிவிட்டார்கள் என்று சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

சோதனை பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள். "இந்த வரியைப் படி, கடிகாரம் வரை" என்றால் நோயே இல்லாத அப்பாயியும் தோற்றுப்போவார். நான் வேறு மாதிரி கேட்பேன். இப்போது தமிழ் மாசம் என்ன? வயலில் நிற்பது குறுவையா, சம்பாவா? மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சா? திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் நான் கேட்டதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். காதருகே போய் உரக்கக் கேட்டதும், களையெடுக்க யார் யார் வந்தார்கள், யாருக்குக் கூலி பாக்கி என்று கடகடவென ஒப்பித்தார். காது மந்தம், அவ்வளவுதான்.

வீட்டாரிடமும் விசாரிப்பேன். போட்ட உப்பையே மறுபடி போடுகிறாரா, பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, பால் கணக்கு குழம்புகிறதா? ஆறு மாசத்துக்கு முன் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்பது மதிப்பெண்ணைவிட எனக்கு உதவும்.

சீர்காழி: அப்பா மூன்றே நாளில் ஆளே மாறிவிட்டார். ராத்திரியெல்லாம் உளறுகிறார். டிமென்ஷியாவா?

டிமென்ஷியா இவ்வளவு வேகமாக வருவது அபூர்வம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவையெல்லாம் இப்படிச் செய்யும். தாமதிக்காமல் இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

திருவையாறு: அம்மாவுக்கு லேசான அறிதிறன் குறைபாடு என்று சீட்டில் எழுதியிருக்கிறது. வரவு செலவெல்லாம் அவரேதான் பார்க்கிறார். பயப்படணுமா?

கவனிக்கணும், ஆனால் கலங்க வேண்டாம். வயசுக்கு மீறிய மறதி இருந்தும் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைதான் இது. எல்லாருக்கும் டிமென்ஷியாவாக முற்றுவதில்லை. சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் தேறியும் விடுவார்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு அளவு பாருங்கள். சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். மனச்சோர்வு இருந்தாலும் மறதி மாதிரியே தெரியும்.

நாகப்பட்டினம்: இறந்துபோன மாமாவை அம்மா தினமும் தேடுகிறார். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லணுமா?

வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவுச் செய்தி. "மாமா சின்ன வயசில் எப்படி இருப்பார்?" என்று கேளுங்கள், அவரே பேசத் தொடங்குவார்.

பட்டுக்கோட்டை: எனக்கு எழுபது வயசு. இனி இந்தி கற்றுக்கொண்டால் பலன் உண்டா?

ஆசையிருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் ஹைதராபாத் ஆய்வில் இருந்த இருமொழிக்காரர்கள் காலமெல்லாம் இரண்டு மொழியில் புழங்கியவர்கள், இப்போது தொடங்கினால் அதே பலன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம், டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுபவை என்று 2024இல் பட்டியலிட்ட 14 காரணங்களில் காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் உண்டு. முதலில் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அப்புறம் பிரஷரையும் சர்க்கரையையும்.